பெக்கிங் மாற்றியும் ஒயில் ஒழுகுதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களுவாஞ்சிகுடிக்கும் கல்முனைக்கும் நடுவில் ஒரு சின்னக் கராஜ் வைத்திருக்கிறேன். "போன கிழமைதான் பெக்கிங் மாத்தினது, திரும்பவும் ஒழுகுதண்ணே" என்று வாரத்துக்கு ஒருவராவது வந்து நிற்பார். எஞ்சினின் மூடியும் உடலும் சேரும் மூட்டில் ஒயில் கசியாமல் இடையில் வைக்கும் ரப்பர், கோர்க் அல்லது கடுதாசி அடைப்புத்தான் பெக்கிங். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். கார் இறக்குமதி திரும்பத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடமும் எல்லோரும் கையில் உள்ளதையே தட்டி ஓட்டினோம், அதனால் பெக்கிங் வேலைக்குக் குறைவில்லை. கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கீழே சொட்டுவது எஞ்சின் ஒயில்தான் என்று எப்படித் தெரியும்?

இரவு நிறுத்தும்போது எஞ்சினுக்குக் கீழே ஒரு பெட்டி மட்டையை விரித்து விடுங்கள். காலையில் மட்டையே சொல்லும். தேன் நிறமோ கறுப்போ என்றால் எஞ்சின் ஒயில். சிவப்பாக இருந்தால் ஓட்டோமெட்டிக் கியர் ஒயிலாகவோ பவர் ஸ்டியரிங் ஒயிலாகவோ இருக்கலாம். பச்சையோ ரோஸோ ஆக, தொட்டால் தண்ணீர் மாதிரி இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட். வெறும் தண்ணீர் என்றால் ஏ.சி. தண்ணீர். நம்முடைய வெயிலில் ஏ.சி. போட்டால் அது சொட்டத்தான் செய்யும். அதற்காகக் கராஜுக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

பெக்கிங் மாற்றி இரண்டு நாள்தான். திரும்பவும் ஈரமாக இருக்கிறது, புகை மணமும் வருகிறது. உடனே கழற்றட்டுமா?

வேண்டாம், பொறுங்கள். மூடியைக் கழற்றும்போது உள்ளே நின்ற ஒயில் கொஞ்சம் எஞ்சினின் பக்கவாட்டில் வடிந்திருக்கும். அது மடிப்புகளிலும் போல்ட் குழிகளிலும் தங்கி, எஞ்சின் சூடானதும் இளகி மெல்ல இறங்கும். சைலன்சர் குழாய் தொடங்கும் இடத்தில் பட்டது எரிந்து புகையும். துடைக்காமல் விட்ட கராஜ்காரரின் பிழை இது, பெக்கிங்கின் பிழை இல்லை.

முதலில் டிப்ஸ்டிக்கை, அதாவது ஒயில் அளவு பார்க்கும் கம்பியை, எடுத்துப் பாருங்கள். ஒயில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் நடுவில் நின்றால் அவசரம் இல்லை. எஞ்சினைக் கழுவித் துடைத்து, 20, 30 கிலோமீற்றர் ஓடிவிட்டுப் பாருங்கள். மேல் கோட்டையும் தாண்டி நின்றால் கூடுதலாக ஊற்றியிருக்கிறார்கள், அதை இறக்க வேண்டும். ஒயில் மாற்றும்போது "போத்தலில மிச்சம் வைக்காம ஊத்து" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. போத்தல் 4 லீற்றர். கொரோலா 121இன் எஞ்சின் பில்டரோடு சேர்த்துக் கேட்பது 3.7 லீற்றர்தான்.

எங்கிருந்து ஒழுகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைத்தான் ஒழுங்காகச் செய்ய வேண்டும். இதை விட்டுவிட்டுத்தான் முக்கால்வாசிப் பேர் பெக்கிங்குக்கு மேல் பெக்கிங் வாங்குகிறார்கள்.

ஒயில் மேலிருந்து கீழே இறங்கும். ஓடும்போது அடிக்கும் காற்று அதைப் பின்னுக்கும் தள்ளும். ஆகவே சொட்டு விழும் இடம் ஒழுகும் இடம் இல்லை. ஈரமாக இருப்பதிலேயே ஆக மேலே எது, ஆக முன்னே எது என்று தேட வேண்டும்.

எஞ்சின் ஆறியபிறகு பழைய அழுக்கு முழுவதையும் கழுவுங்கள். டிகிரீசர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மண்ணெண்ணெயும் தூரிகையும், பிறகு சவர்க்காரத் தண்ணீர். தண்ணீர் படக்கூடாத வயர் சொக்கட், ஓல்டர்நேட்டர் எல்லாவற்றையும் பொலித்தீனால் மூடிக்கொள்ளுங்கள். பெட்ரோலால் கழுவாதீர்கள். நன்றாகக் காய்ந்தபிறகு சந்தேகமான மூட்டுகளில் குழந்தைக்குப் போடும் பவுடரைத் தூவிவிட்டு, பத்து நிமிடம் ஸ்டார்ட்டில் விட்டு, டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒயில் வரும் இடத்தில் வெள்ளைப் பவுடரில் பழுப்பாக ஒரு கோடு இழுக்கும். ஒன்றும் தெரியாவிட்டால் ஒரு ஓட்டம் ஓடிவிட்டுத் திரும்பப் பாருங்கள். சில ஒழுகல் ஓட்டத்தில் மட்டும்தான் வரும். ஒயிலில் கலக்கும் சாயமும் நீல ஒளி டோர்ச்சும் உள்ள கராஜ் என்றால் வேலை இன்னும் சுலபம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். அக்கரைப்பற்றிலிருந்து ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்) கொரோலா 121 ஒன்று கொண்டு வந்தார். எஞ்சினும் கியர் பொக்ஸும் சேரும் இடத்தில் சொட்டு. வேறொரு இடத்தில் "பின் சீல் போயிட்டு, கியர் பொக்ஸ் இறக்கணும்" என்று சொல்லி ஒரு பெரிய தொகையும் கேட்டிருக்கிறார்கள். கழுவிப் பவுடர் போட்டோம். பத்து நிமிடத்தில் டெப்பட் கவரின் (எஞ்சினின் ஆக மேல் மூடி) பின் மூலையிலிருந்து சிறுவிரல் அகலத்துக்கு ஒரு கோடு இறங்கி, எஞ்சினின் முதுகு வழியே போய், சரியாகக் கியர் பொக்ஸ் மூட்டில் நின்றது. அந்த டெப்பட் கவர் பெக்கிங்கை மூன்று மாதத்துக்கு முன்தான் மாற்றியிருக்கிறார்கள், அதனால் அங்கே யாரும் பார்க்கவில்லை. கழற்றிப் பார்த்தால் ரப்பர் அந்த மூலையில் பள்ளத்துக்குள் உட்காராமல் மடிந்து கிடந்தது.

புதுப் பெக்கிங். பிறகு ஏன் ஒழுக வேண்டும்?

புதுப் பெக்கிங் பழுதாக வருவது அரிது. பிழை பெரும்பாலும் அது உட்காரும் இடத்தில்தான்.

பழைய பெக்கிங்கின் துண்டோ, காய்ந்த சிலிக்கனோ ஒரு நகக்கண் அளவு ஒட்டியிருந்தாலே போதும், அந்த இடத்தில் பெக்கிங் தூக்கும். அதைச் சுரண்ட ஸ்குரூடிரைவரைப் பாவிப்பார்கள். அலுமினியத்தில் கீறல் விழும், அந்தக் கீறலே ஒயிலுக்கு வாய்க்கால். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் போதும். சுரண்டியபிறகு பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். கண்ணைவிட விரலுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்தது மூலைகள். 121, விட்ஸ், ப்ரொபொக்ஸ் பலவற்றில் வரும் 1என்.இசட். எஞ்சினில், டைமிங் செயின் மூடியும் எஞ்சின் ஹெட்டும் சேரும் கோடு ஒன்று உண்டு. அந்தக் கோட்டின் இரண்டு முனையிலும் ஒரு பொட்டு சிலிக்கன் வைத்துத்தான் டெப்பட் கவரை மூட வேண்டும் என்று கம்பனிப் புத்தகமே சொல்கிறது. அதை விட்டால் எத்தனை பெக்கிங் போட்டாலும் அந்த இரண்டு இடத்திலும் கசியும். பழைய கொரோலா 110இல், பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சின் ஹெட்டின் ஓரத்தில் இருக்கிறது. அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கசிந்தாலும் பழி டெப்பட் கவர் பெக்கிங்குக்குத்தான் விழும்.

சம்ப் (எஞ்சினின் அடியில் ஒயில் நிற்கும் தட்டு) என்றால் தகட்டைப் பாருங்கள். முன்பு யாரோ இறுக்கி இறுக்கிப் போல்ட் துளையைச் சுற்றித் தகடு உள்ளே குழிந்திருக்கும். அதைத் தட்டி மட்டமாக்காமல் பூட்டினால் போல்ட் உள்ள இடம் மட்டும் அழுந்தும், நடுவில் இடைவெளி நிற்கும்.

போல்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைய. டெப்பட் கவரிலும் சம்பிலும் வருவது பெரும்பாலும் 6 மில்லிமீற்றர் போல்ட், 10ஆம் நம்பர் ஸ்பனர் போடுவது. அவற்றுக்கு அனேகமான ஜப்பான் எஞ்சின்களில் 8 முதல் 11 நியூட்டன் மீற்றர் வரைதான். 1என்.இசட். டெப்பட் கவருக்கு 10. கையால் விளங்க வேண்டும் என்றால், ஒரு சாண் நீளமான கைப்பிடியின் நுனியில் நாலரைக் கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்ட அளவு பாரம். அவ்வளவுதான்.

எனக்கு இது விளங்கியது ஒரு போல்ட் உடைந்தபிறகு. வேலை பழகிய காலம். வானுக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே நின்று, "இன்னும் கொஞ்சம் இறுக்கு மனே, ஒழுகிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் இறுக்கினேன். முதலில் கையில் ஒரு இளக்கம் தெரிந்தது, வெண்ணெயில் திருகுவது மாதிரி. அதற்குப் பிறகு "டிக்" என்றொரு சத்தம். பாதிப் போல்ட் என் கையில், மீதிப் பாதி எஞ்சின் ஹெட்டுக்குள். அதைத் துளைத்து எடுக்க ஒரு பகல் போனது. அந்த இளக்கம் தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். போல்ட் இழுபட்டுவிட்டது, அல்லது அலுமினியத்தின் புரி கழன்றுவிட்டது என்று அர்த்தம்.

நடுவிலிருந்து தொடங்கி வெளியே, ஒன்றுக்கொன்று எதிரெதிராக, இரண்டு சுற்றில் இறுக்குங்கள். முதல் சுற்றில் கையோடு, இரண்டாவதில் டோர்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பனர்). எஞ்சின் ஆறியிருக்க வேண்டும்.

ஒழுகும் இடத்தில் மட்டும் இன்னும் ஒரு திருகு திருகினால் நிற்காதா?

கோர்க் பெக்கிங் என்றால் கொஞ்சம் அமுங்கும், ஒரு முறை திரும்ப இறுக்கலாம். ரப்பர் என்றால் பிரயோசனம் இல்லை. ரப்பர் பிதுங்கிப் பள்ளத்தை விட்டு வெளியே வரும், இன்னும் மோசமாகும். பல எஞ்சின்களில் போல்டிலேயே ஒரு படி இருக்கும். அந்தப் படி அடியில் முட்டியபிறகு எவ்வளவு திருகினாலும் மூடி ஒரு மயிரிழையும் இறங்காது. போல்ட்தான் உடையும்.

சிலிக்கன் சுற்றிவரப் பூசினால் என்ன?

இது நம்முடைய ஊர் வைத்தியம். பெக்கிங்கின் இரண்டு பக்கமும் ஐசிங் போட்ட கேக் மாதிரிப் பூசிவிட்டுப் "இனி ஒழுகவே ஒழுகாது" என்பார்கள். ரப்பர் பெக்கிங் காய்ந்த உலோகத்தில்தான் பிடிக்கும். சிலிக்கனை இடையில் வைத்தால் வழுக்கி ஓடும். போதாததற்கு, உள்ளே பிதுங்கிய சிலிக்கன் காய்ந்து, உதிர்ந்து, சம்புக்குள் விழும். அங்கே ஒயில் பம்ப் உறிஞ்சும் வலையில் போய் ஒட்டும். ஒழுகலை நிறுத்தப் போய் எஞ்சினுக்கே ஒயில் போகாமல் செய்துவிடுவீர்கள். சம்பைக் கழற்றி, அந்த வலையிலிருந்து நகம் நகமாகச் சிலிக்கன் பொறுக்கியிருக்கிறேன்.

பாவிக்க வேண்டிய இடங்களும் உண்டு. முன்னே சொன்ன மூலைகள் ஒன்று. பெக்கிங்கே இல்லாமல் சிலிக்கனால் மட்டும் ஒட்டும் சம்புகள் இன்னொன்று. 121இன் சம்ப் அந்த வகை. அங்கே 3 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரே கோடாக, போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாக இழுத்து, சில நிமிடத்துக்குள் மூடிவிட வேண்டும். தோல் கட்டியபிறகு மூடினால் ஒட்டாது. ஆகக் குறைந்தது 2 மணித்தியாலம் ஒயில் ஊற்றக்கூடாது. வசதி இருந்தால் ஒரு இரவு விடுங்கள், முழுதாய் இறுக அனேகமான சிலிக்கனுக்கு 24 மணித்தியாலம் வேண்டும்.

மார்கழி மழையில் சிலிக்கன் காயாது என்று ஒரு கதை உண்டு. உண்மை நேர்மாறு. அது இறுகுவதே காற்றில் உள்ள ஈரத்தால்தான். கெடுப்பது பூசும் இடத்தில் உள்ள தண்ணீரும் ஒயில் படலமும். மேலேயிருந்து ஒயில் வடிந்துகொண்டிருக்கும்போதே சம்பை ஒட்டினால் அது நிற்காது. ஒயிலை இறக்கிவிட்டு ஒரு இரவு வடிய விட்டு, காலையில் துடைத்து ஒட்டுங்கள்.

ஒரு இடத்தை அடைத்தால் வேறொரு இடத்தில் ஒழுகுகிறது. என்ன சங்கதி?

அப்படியென்றால் பெக்கிங்கை விட்டுவிட்டுக் காற்றோட்டத்தைப் பாருங்கள். பிஸ்டனைத் தாண்டி எஞ்சினின் அடிவயிற்றுக்குள் கொஞ்சம் காற்று எப்போதும் இறங்கும். அது பி.சி.வி. வால்வு வழியாகவும் பிரீதர் குழாய் வழியாகவும் வெளியே போக வேண்டும். வழி அடைபட்டால் உள்ளே அமுக்கம் ஏறும், ஆக நொய்ந்த மூட்டு எதுவோ அதைப் பிதுக்கிக்கொண்டு ஒயில் வரும். அதை அடைத்தால் அடுத்த நொய்ந்த மூட்டு. டிப்ஸ்டிக் தானாக மேலே எழும்பி நிற்கும், எயார் பில்டர் பெட்டிக்குள் ஒயில் தெறித்திருக்கும்.

பார்ப்பது சுலபம். பெட்ரோல் காரை ஸ்டார்ட்டில் வைத்து, ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அந்தத் துளையின் மேல் ஒரு கடுதாசித் துண்டை வையுங்கள். மெல்ல உறிஞ்சிப் பிடித்தால் நல்லது. தூக்கி எறிந்தால் அடைப்பு உண்டு. பி.சி.வி. வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள், பெரும்பாலானவை கிலுகிலு என்று சத்தம் போட வேண்டும். சத்தமில்லாவிட்டால் மாற்றுங்கள், சின்னச் சாமான்தான். அதோடு சேர்ந்த ரப்பர் குழாய் உள்ளே ஊதி அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வால்வு, குழாய் எல்லாம் சரியாக இருந்தும் மூடியிலிருந்து ரயில் மாதிரிப் புகை அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். கொம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அமுக்கம்) பார்க்காமல் இன்னொரு பெக்கிங்குக்குக் காசு கொடுக்காதீர்கள்.

பெக்கிங்கோடு ஒயிலும் பில்டரும் மாற்றினேன். இப்போது கொட்டுகிறது.

எஞ்சினை நிறுத்துங்கள். பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டி நின்று, அதற்கு மேல் புதுப் பில்டர் ஏறியிருக்கும். இரட்டை வளையம் அமுக்கத்தைத் தாங்காது, சில நிமிடத்திலேயே ஒயில் முழுவதையும் வெளியே தள்ளிவிடும். பழையதைக் கழற்றியதும் வளையம் அதோடு வந்ததா என்று பாருங்கள். புது வளையத்தில் ஒயில் தடவிக் கையால் இறுக்கினால் போதும். கீழே ஒயில் இறக்கும் போல்டின் வொஷரும் ஒரு தடவைக்குத்தான். 121க்கு அந்தப் போல்ட் ஏறக்குறைய 38 நியூட்டன் மீற்றர்.

மோட்டார் சைக்கிளிலும் ஓட்டோவிலும் இதே கதைதானா?

பெரும்பாலும். அங்கே கிளச் மூடிக்குக் கடுதாசிப் பெக்கிங் வரும். மூடி சரியான இடத்தில் உட்கார இரண்டு சின்ன உருளைப் பின்கள் இருக்கும். கழற்றும்போது ஒன்று மண்ணில் விழுந்து, அதில்லாமலே பூட்டியிருப்பார்கள். போல்ட்கள் எல்லாம் ஒரே நீளமும் இல்லை. நீளமானதைக் கட்டைத் துளையில் போட்டால் அது அடியில் முட்டும், "இறுகிட்டு" என்று கை சொல்லும், மூடி மட்டும் இறுகாது. ஒரு மட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, கழற்றும் போல்டை அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள். மாதிரிப் பெக்கிங்கை வைத்துக் கத்தரிக்கோலால் வெட்டித் தருபவர்களும் இருக்கிறார்கள். தடிப்புச் சரியாக இருந்தால் பரவாயில்லை. கொப்பி மட்டையில் வெட்டியதை வாங்காதீர்கள்.

லேன்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு இயந்திரம்), ட்ரக்டர்?

சூடடிப்புக் காலத்தில் ஒயில் கசிந்தால் அதில் தூசியும் பதரும் ஒட்டிச் சேற்று உருண்டையாகத் தொங்கும். அதைக் கழுவாமல் இடம் கண்டுபிடிக்க முடியாது. பிரீதர் வாயில் வைக்கோல் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அம்பாறைப் பக்கமிருந்து வருபவற்றில் பாதி அங்கேயே முடிந்துவிடும். வெள்ளத்தில் நின்றதென்றால் வேறு கதை. டிப்ஸ்டிக்கில் ஒயில் பால் தேநீர் நிறமாக இருந்தால் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், ஒயிலை மாற்றிய பிறகுதான்.

கடற்கரையோரம் வீடு. சம்ப் பெக்கிங் இரண்டு முறை மாற்றியும் நிற்கவில்லை.

சம்பையே பாருங்கள். கல்லடி, பாசிக்குடாப் பக்கத்து வாகனங்களில் உப்புக் காற்றுக்கு இரும்புத் தகட்டுச் சம்ப் துருப்பிடித்து ஊசித் துளை விழும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் துளை வெளியே தெரியும். வெல்டிங் அடித்தால் தகடு கோணும், பிறகு மூட்டில் ஒழுகும். முடிந்தால் வேறு சம்ப் போடுங்கள்.

தடித்த ஒயிலோ, ஒழுகலை நிறுத்தும் மருந்தோ ஊற்றலாமா?

காய்ந்து சுருங்கிய பழைய ரப்பர் சீலை அந்த மருந்து கொஞ்சம் இளக்கி ஊத வைக்கும். மடிந்த பெக்கிங்கையும் கழன்ற புரியையும் அது ஒன்றும் செய்யாது. தடித்த ஒயில் ஒழுகலை மெதுவாக்கும், நிறுத்தாது. புத்தகம் சொன்ன ஒயிலையே ஊற்றுங்கள்.

ஒழுகலோடு கொழும்புக்குப் போகலாமா?

மட்டையில் இரவுக்கு ஓரிரு சொட்டு என்றால் போகலாம். போத்தலில் ஒயில் எடுத்துக்கொண்டு, நிறுத்தும் இடமெல்லாம் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையில் ஒரு லீற்றர் அளவு. சைலன்சர் குழாயில் சொட்டுகிறது, பெல்டில் தெறிக்கிறது என்றால் போகாதீர்கள். ஒன்று தீப்பிடிக்கும், மற்றது பெல்டைத் தின்னும். சிவப்பு ஒயில் லைட் பற்றினால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும், "மகாஓயா தாண்டிப் பாப்பம்" என்ற பேச்சே வேண்டாம்.

வேலை செய்த கராஜிடம் திரும்பக் கேட்கலாமா?

கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் வேறொருவர் கைவைப்பதற்கு முன் கேளுங்கள். இடையில் இன்னொருவர் திறந்துவிட்டால் பிழை யாருடையது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. கழுவிய எஞ்சினில் ஒழுகும் இடத்தைப் போனில் படம் எடுத்து, முதல் கிழமைக்குள்ளேயே கொண்டு போங்கள். சண்டையாகத் தொடங்காமல், "அண்ணே, இந்த மூலையில வருது, ஒருக்காப் பாருங்க" என்றால் அனேகமானவர்கள் கூலி கேட்காமல் செய்து தருவார்கள். நானும் செய்து கொடுத்திருக்கிறேன், மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டு.

முற்றத்துச் சீமெந்தில் ஒயில் ஊறிவிட்டது. எப்படி எடுப்பது?

மரத்தூளை அள்ளிப் போட்டுக் காலால் தேய்த்து ஒரு இரவு விடுங்கள். மர ஆலை பக்கத்தில் இல்லாவிட்டால் உமி, அது கொஞ்சம் குறைவாகத்தான் உறிஞ்சும். கூட்டி அள்ளியபிறகு சவர்க்காரத் தூளும் கெட்டித் தூரிகையும். கழுவிய தண்ணீரைக் கானுக்குள் (வடிகாலுக்குள்) விடாதீர்கள், நம்முடைய கான் எல்லாம் வாவியில்தான் போய் முடிகிறது. இறக்கிய பழைய ஒயிலை மூடியுள்ள கேனில் ஊற்றி வைத்தால் கராஜில் வாங்கிக்கொள்வார்கள். என்னிடம் ஒரு பீப்பாய் அதற்கென்றே இருக்கிறது.